வெந்நீரக்கா வைத்த மீன்தொட்டி

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் வெந்நீரக்கா. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, ஆவியில் வேகவைத்து, துணியில் சுற்றி அனுப்புகிற அறை அவளுடைய ராஜ்ஜியம். புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி சாப்பிட்டாயா என்பதல்ல, கொதித்ததா என்பது. டாக்டர்களே அந்த அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார்கள். அவள் அனுப்பிய தட்டில் ஒரு நாளும் ஒரு குறை வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு, இருக்க வேண்டியதுதான்.

வம்பு என்னவென்றால், வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அவள் அந்த அறையை விட்டு வெளியே வருவதில்லை. கதவுக் குமிழ், சுவிட்சுப் பலகை, தண்ணீர் பாட்டிலின் மூடி, கடையில் வாங்கிய எலுமிச்சம்பழம், எதுவும் அவள் கைக்குத் தப்பாது. பின்கட்டில் சிமெண்ட் போட்ட சின்ன முற்றம் ஒன்று இருந்தது. அதைத் தினமும் பிரஷ் போட்டுத் தேய்ப்பாள். சுத்தம் நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டென்று அவளிடம் போய்ச் சொல்ல நம்மில் யாருக்கும் தைரியம் கிடையாது. அவள் புருஷனுக்கும் கிடையாது. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தெரியாதவன் வண்டியை மரத்தின் மேல் ஏற்றப் போனாலும் பதறாமல் பிரேக்கை மிதிக்கிற மனுஷன். வீட்டில் அவருக்கு அந்த பிரேக் கூடக் கிடையாது.

தைரியம் இருந்த ஒரே ஆள் நாத்தனார். அவருடைய தங்கை, கல்யாணம் செய்துகொள்ளாதவள், கண்ணாடிக் கடையில் லென்சு தேய்த்துப் பொருத்துகிற வேலை. வீட்டின் கடைசி அறை அவளுடையது. அந்த அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் ஐந்து தங்கமீன்கள். அவற்றில் தடியாக, தொப்பையோடு, ஒரு வேலையும் செய்யாமல் நாள் முழுக்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடைபோடுகிற ஒன்றுக்கு அவள் மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள். வெந்நீரக்காவின் ஆட்சி அந்த அறை வாசலோடு நின்றுவிடும். உள்ளே பாசியும் பச்சை நாற்றமும் நாத்தனார் இஷ்டம்.

வருஷா வருஷம் வெயில் தொடங்கும்போது நாத்தனார் ஒன்று கேட்பாள். பின்முற்றத்தில் ஒரு பெரிய தொட்டி வைத்து, வெயில் காலம் முடிகிறவரை மீன்களை வெளியே விடலாம், நிறம் ஏறும், நன்றாக வளரும், குளிர் தட்டியதும் உள்ளே கொண்டுவந்துவிடலாம் என்பாள். வருஷா வருஷம் ஒரே பதில்தான். கொசு வரும், பாசி பிடிக்கும், நாறும், முடியாது. நாத்தனார் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். அந்தச் சிரிப்பு வருஷத்துக்கு வருஷம் சின்னதாகிக்கொண்டு வந்ததை வெந்நீரக்கா கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இந்த வருஷம் கேட்பதற்கு முன்பே நாத்தனார் விழுந்துவிட்டாள். காலை நேரம். மீன்தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, பழைய தண்ணீரை வாளியில் தூக்கிக்கொண்டு நடையில் வந்தவள் வழுக்கி விழுந்து, முட்டிச் சில்லு இரண்டாக உடைந்தது. வெந்நீரக்கா அப்போதுதான் அந்த நடையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தாள். தரையில் தண்ணீர் கிடந்தது. அது துடைத்த தண்ணீரா, வாளியில் தளும்பிய தண்ணீரா? வலியில் துடித்துக்கொண்டே நாத்தனார் துடைத்த தண்ணீர் என்றாள். அவளைத் தூக்கிக்கொண்டே வெந்நீரக்கா மீன் தண்ணீர் என்றாள். ஆம்புலன்சில் போகும்போதும் அதே வழக்கு. புருஷன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு வந்தார்.

அறுவை சிகிச்சை வெந்நீரக்காவின் ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. முட்டி ஆபரேஷனுக்கான கருவித் தட்டை அன்றைக்கு அவளே கழுவினாள், வேறு யாரையும் தொட விடவில்லை. வேகவைத்த தட்டை எடுத்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லாமலே மறுபடி உள்ளே வைத்து இரண்டாம் முறை வேகவைத்தாள். தியேட்டரிலிருந்து ஆள் வந்து சத்தம் போட்டும் நகரவில்லை. நாத்தனார் மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம். ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற பழக்கம் இருந்தால்தானே.

ஆஸ்பத்திரியிலிருந்து நாத்தனார் வீட்டுக்கு வரவில்லை. கண்ணாடிக் கடைத் தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே மாடிப்படி இல்லை, தரை காய்ந்திருக்கும் என்று அண்ணனிடம் சொன்னாளாம். கொஞ்ச நாள் கழித்து அண்ணன்தான் செய்தியும் கொண்டுவந்தார். வருகிற ஞாயிறு அல்ல, அதற்கடுத்த ஞாயிறு ஒரு வண்டி வரும். அவள் சாமான், துணிமணி, மீன் எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விடும். இனி அங்கேயே தங்கிவிடப் போகிறாள்.

வெந்நீரக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். புருஷன் போய்ப் படுத்த பிறகுதான் கடைசி அறைக்குப் போய் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். காலியான கட்டிலைப் பார்த்ததும் அழுகை வந்தது. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் மூச்சு முட்டச் சிரித்ததெல்லாம் அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான். புருஷனோடு குடும்பம் நடத்தினாள் என்பது உண்மை, ஆனால் பேசியதெல்லாம் இவளோடு. இவள் போய்விட்டால் வீடு பளபளவென்று இருக்கும், அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்க அவளுக்கு வாய் வராது. கை வரும். அதனால் தொட்டி வைத்துவிடுவதென்று முடிவெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறவள் பின்முற்றத்தைப் பார்க்க வேண்டும், இத்தனை வருஷம் முடியாது என்ற இடத்தில் மேனேஜர் நடைபோடுவதைப் பார்க்க வேண்டும். பார்த்தால் புரிந்துகொள்வாள். புருஷனிடம் விஷயத்தைச் சொல்லி, தங்கையிடம் மூச்சு விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள்.

மீன் கடைக்காரர் பேச்சுக்காரர், ஆனால் விஷயம் தெரிந்தவர். துணி ஊறவைத்த பழைய தொட்டி ஆகாது, சோப்பு ஊறியிருக்கும், புதிதாக வாங்குங்கள் என்றார். நாள் முழுக்க வெயில் அடிக்கிற இடம் வேண்டாம், காலை வெயில் மட்டும் போதும். குழாய்த் தண்ணீரைப் பிடித்து இரண்டு நாள் காற்றாட விட வேண்டும், குளோரின் போக இந்தச் சொட்டுமருந்தைக் கலக்க வேண்டும். பூனைக்கும் காக்கைக்கும் பயந்து மேலே வலை கட்ட வேண்டும். மீனைப் பையில் போட்டு, பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் திறந்துவிட வேண்டும். கடைசியாகப் புது ஃபில்டரையும் பம்ப்பையும் எடுத்துக் கொடுத்து, "பழைய தொட்டி ஃபில்டர்ல இருக்கிற ஸ்பாஞ்ச எடுத்து இதுல போட்டுடுங்க மேடம், அதுதான் முக்கியம்" என்றார். அதற்குள் வேறு யாரோ பறவைக்கூண்டு விலை கேட்டார்கள், திரும்பிவிட்டார்.

ஒவ்வொன்றையும் அவள் பிசகாமல் செய்தாள். சுவரோரம் நிழலும் வெயிலும் பாதிப்பாதி விழுகிற இடமாகப் பார்த்து, கருப்பு நிறத்தில் பெரிய வட்டத் தொட்டி. நிரப்பிய பிறகு நகர்த்த முடியாதென்பதால் புருஷனை விட்டு நாலு முறை தள்ளிவைக்கச் சொன்னாள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் இரண்டு நாள் நின்றது, மருந்து கலந்தாயிற்று, வலையும் தயார். தண்ணீர்ச் செடி வாங்கிவந்து வேரில் மண் இல்லாமல் அலசினாள். இலையை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அதையும் வேகவைத்துத் துணியில் சுற்றிவிடலாமே என்று புருஷன் கேட்டார். அவள் சிரிக்கவில்லை.

அப்புறம் ஸ்பாஞ்ச். பழைய ஃபில்டரைத் திறந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கருத்துக் கொழகொழவென்று, சாக்கடைச் சேற்றைப் பிழிந்து வைத்த மாதிரி ஒன்று உள்ளே இருந்தது. இதையா அந்தத் தெளிந்த தண்ணீரில் போடுவது? கடைக்காரர் போடச் சொன்னார், சரி, போடத்தான் போகிறாள். ஆனால் வேலைக்கென்று ஒரு முறை இருக்கிறதே. கொதிக்கிற தண்ணீரை வாளியில் ஊற்றி, தரை துடைக்கிற கிருமிநாசினியைக் கலந்து, ஸ்பாஞ்சை ஊறவைத்துப் பிழிந்தாள். மறுபடி வெந்நீர், மறுபடி பிழிதல். அழுக்கு போகப் போகத்தான் தெரிந்தது, ஸ்பாஞ்சின் நிறம் கருப்பே இல்லை, வான நீலம். மருந்து வாசம் துளிகூட மிஞ்சாமல் அலசுவது அவளுக்குக் கைவந்த கலை. அலசி, முகர்ந்து பார்த்து, திருப்தியோடு புது ஃபில்டரில் பொருத்தினாள். கையோடு பழைய கண்ணாடித் தொட்டியையும் காலி செய்து, சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்து, கவிழ்த்துக் காயவைத்தாள்.

கழுவாதீர்கள் என்று அந்தக் கடைக்காரர் சொல்லவில்லை. ஸ்பாஞ்சைக் கொதிநீரில் போடுகிற ஓர் ஆள் உலகத்தில் இருப்பாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் எல்லாம் கண்கொள்ளாக் காட்சிதான். கருப்புத் தொட்டியில் ஐந்தும் நெருப்புத் துண்டாக மின்னின. மேனேஜர் தொட்டியை வட்டமடித்துப் பார்த்துவிட்டு மேற்பார்வையைத் தொடங்கினார். வெந்நீரக்கா எட்டிப் பார்க்கும்போதெல்லாம் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன. பசிக்கிறது போலிருக்கிறது என்று அவளும் ஒவ்வொரு முறையும் தீனி போட்டாள். நாத்தனார் வரும்போது கொழுகொழுவென்று இருக்க வேண்டாமா? வேலைக்குப் போகும்போதும் போட்டாள், வந்ததும் போட்டாள், இடையில் புருஷனையும் போடச் சொன்னாள்.

வண்டி வருகிற வாரம், வியாழக்கிழமை, மீன்களுக்கு என்னவோ ஆயிற்று. தீனிக்கு வரவில்லை. நான்கு மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே தொங்கிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. மேனேஜர் அடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். வாலில் சிவப்பாக நரம்பு ஓடியிருந்தது. வெந்நீரக்கா வலையை விலக்கினாள். தண்ணீரைக் குனிந்து பார்த்தாள், அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. இவ்வளவு சுத்தமான தண்ணீரில் என்ன கேடு வர முடியும்?

அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கழுவுவது. மீன்களை வாளியில் எடுத்துவிட்டு, தொட்டியைக் கவிழ்த்து, மருந்து போட்டு மறுபடி எல்லாவற்றையும் தேய்த்துவிட்டால் என்ன என்று கை பரபரத்தது. பிரஷை எடுத்துக்கொண்டு வந்தும்விட்டாள். அப்போது வேலையிலிருந்து வந்த புருஷன் பிரஷையும் பார்த்தார், மீனையும் பார்த்தார். தங்கையிடம் கேட்டுவிடு என்றார். மாட்டேன் என்றாள். தொட்டி வைத்து மீனைச் சாகடித்துவிட்டேன் என்று தெரிந்தால் அவள் ஞாயிற்றுக்கிழமை வண்டியை மட்டும்தான் அனுப்புவாள், இந்த வாசலை மிதிக்கவே மாட்டாள் என்றாள். எத்தனையோ வருஷமாக இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்த அந்த மனுஷன் போனை எடுத்துத் தங்கை நம்பரைப் போட்டு அவள் கையில் கொடுத்தார்.

மணி அடித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றாள்.

"சொல்லுங்க அண்ணி." குரலில் ஒன்றும் இல்லை, நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

மென்று முழுங்கி எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டி வைத்தது, தண்ணீர் நிறுத்தியது, மருந்து, வலை, மீன்கள் மேலே தொங்குவது, மேனேஜர் கீழே கிடப்பது. தொட்டி வைத்ததற்கு நாத்தனார் ஏதாவது சொல்லுவாள் என்று ஒரு கணம் காத்திருந்தாள். அவள் சொல்லவில்லை. தண்ணீர் எப்படி இருக்கிறது, எத்தனை தரம் தீனி போட்டீர்கள் என்று மட்டும் கேட்டாள். பிறகு, "பழைய ஸ்பாஞ்ச என்ன பண்ணீங்க அண்ணி?" என்றாள்.

"போட்டிருக்கேன். கழுவித்தான் போட்டேன்."

"எதுல கழுவினீங்க?"

"வெந்நீர்ல. மருந்து போட்டு."

நாத்தனார் மூச்சை இழுத்து விட்டது போனில் கேட்டது. "அந்த அழுக்கு சும்மா அழுக்கு இல்ல அண்ணி. உயிருள்ளது. மீனோட கழிவ அதுதான் தின்னு தண்ணிய நல்லதாக்கும். அத கொன்னுட்டீங்க. இப்ப மீன் விடறது எல்லாம் தண்ணியிலயே நின்னு அதுங்களையே எரிக்குது. கண்ணுக்குத் தெரியாது."

கண்ணுக்குத் தெரியாத உயிர் என்றால் என்னவென்று வெந்நீரக்காவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதைக் கொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஒன்றுகூட மிஞ்சாமல் கொன்றிருப்பாள் என்பதிலும் சந்தேகமில்லை, அவள் செய்த வேலையாயிற்றே.

பழைய தொட்டித் தண்ணீர் கொஞ்சமாவது இருக்கிறதா என்று நாத்தனார் கேட்டாள். இல்லை. பழைய தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிய பாசி? அதையும் தேய்த்தாயிற்று. சரி, தீனியை நிறுத்துங்கள், மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு மருந்து கலந்த தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், தினமும் அப்படிச் செய்யுங்கள், காற்று பம்ப்பை நிறுத்தாதீர்கள். பிறகு மீன் கடைக்குப் போய் ஓடிக்கொண்டிருக்கிற தொட்டியிலிருந்து அழுக்கு ஸ்பாஞ்ச் ஒன்று கேளுங்கள், கழுவாதது, காயாதது, வழியில் குழாய்த் தண்ணீர் படக் கூடாது என்றாள்.

எல்லாவற்றுக்கும் சரி சரி என்றவள் போனை வைக்கவில்லை. அந்த நேரத்தில் அதை ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. "அன்னிக்குத் தரையில கிடந்தது என் தண்ணிதான்" என்றாள்.

"அது இப்ப எதுக்கு? கடை மூடறதுக்குள்ள போங்க அண்ணி."

கடையில் கூட்டம். மீன் கடைக்காரர் அவளைப் பார்த்ததும் புது ஸ்பாஞ்ச் பாக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினார். அது வேண்டாம் என்றாள். பாட்டிலில் அடைத்த நல்ல கிருமித் தண்ணீர் ஒன்றைக் காட்டினார், போட்டால் சில வாரத்தில் சரியாகும் என்றார். சில வாரம் அவளிடம் ஏது? பதற்றத்தில் குரல் உயர்ந்துவிட்டது. "அண்ணே, உங்க கடையிலயே ரொம்ப அழுக்கான ஸ்பாஞ்ச் எதுன்னு காட்டுங்க" என்றாள்.

கடையே திரும்பிப் பார்த்தது. குழந்தைக்கு மீன் வாங்க வந்த ஒரு தம்பதி கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டார்கள். கடைக்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. தன் கடையில் அழுக்கென்று யார் சொன்னது, இத்தனை காலத்தில் ஒருத்தர் ஒரு சொல் சொன்னதில்லை என்று ஆரம்பித்தார். வெந்நீரக்கா விடவில்லை. ஸ்பாஞ்சைக் கொதிநீரில் போட்ட கதையை அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் டாக்டர்களை வாசலில் நிறுத்துகிறவள், ஒரு கைப்பிடி அழுக்குக்காகக் கையேந்தி நின்றாள். கடைக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்னால் வாங்க மேடம் என்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டார்.

கடைக்குப் பின்னால், விற்காமல் வளர்ந்துவிட்ட தங்கமீன்கள் சிலதை ஒரு பழைய தொட்டியில் விட்டிருந்தார். நோய் நொடி ஒன்றும் இல்லாதவை என்று சொல்லிக்கொண்டே அதன் ஃபில்டரிலிருந்து ஸ்பாஞ்சை எடுத்தார். அந்தக் கருப்புக்கு முன்னால் அவள் கழுவியது ஒன்றுமே இல்லை. எதில் எடுத்துப்போவது? கொடுத்த பிளாஸ்டிக் பை ஓட்டை. வெந்நீரக்கா பையைத் திறந்து, அன்றைக்குச் சாப்பிட்டுக் கழுவிய தன் எவர்சில்வர் டிபன் பாக்சை நீட்டினாள். நிஜமாகவா என்று கடைக்காரர் கேட்டார். போடுங்கள் என்றாள்.

பஸ்சில் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் மூடியோரமாகக் கருப்பாகக் கசிந்து உள்ளங்கையை நனைத்தது. துடைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு சீட்டுக்குப் போனார். உயிரோடு இருக்கிறதா, காய்ந்துவிட்டதா என்று திறந்து பார்க்கவும் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் உறை மாட்டாத கையோடு ஸ்பாஞ்சைத் தொட்டிக்குள் பிடித்து மெதுவாகப் பிழிந்தாள். பழுப்புப் புகையாக அழுக்கு இறங்கிப் பரவியது. கூழாங்கல் மறைந்தது, செடி மறைந்தது, கடைசியில் மீன்களும் மறைந்தன. அவள் தேய்த்துத் தேய்த்துக் காப்பாற்றிய முற்றத்தில் சாக்கடை வாடை எழுந்தது. மிச்சத்தை ஃபில்டருக்குள் திணித்து பம்ப்பைப் போட்டாள். அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. சும்மா இருப்பது அவள் வாழ்க்கையில் பழகாத வேலை. தொட்டிப் பக்கம் போவதும் வருவதுமாக, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் கிடந்தாள்.

விடிந்தபோது மேனேஜர் மிதந்துகொண்டிருந்தார்.

புருஷன் அவளைத் தேற்றுவதாக நினைத்து ஒரு யோசனை சொன்னார். கடைக்குப் பின்னால் அதே அளவில் ஒன்று இருந்ததாகச் சொன்னாயே, அதை வாங்கிப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வெந்நீரக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும் என்றாள். தெரியாமலே போனாலும் வேண்டாம் என்றாள். இறந்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். குப்பையில் போட மனசு வரவில்லை. புதைக்கலாமென்றால் அதை முடிவுசெய்ய வேண்டியவள் இங்கே இல்லை. ஒரு டப்பாவில் வைத்து மூடி, மாதாமாதம் பிரித்து மேய்ந்து கழுவுகிற தன் பிரிட்ஜில், சாப்பாட்டுச் சாமானுக்கு மேல்தட்டில் வைத்தாள். புருஷன் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குத் தயிர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மற்ற நான்கும் பிழைக்குமா பிழைக்காதா என்று சொல்ல முடியவில்லை. தினமும் தண்ணீர் எடுப்பதும் ஊற்றுவதுமாக இருந்தாள். தொட்டி விளிம்பில் வழவழவென்று ஏதோ படியத் தொடங்கியது. விரல் பட்டதும் கை தானாகத் துணியைத் தேடும். துணியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். போனில் நாத்தனார் கூப்பிடவும் இல்லை, இவளும் கூப்பிடவில்லை. வாய் திறந்தால் மேனேஜர் விஷயத்தைச் சொல்ல வேண்டுமே.

ஞாயிறு வண்டி வந்தது. வாசலுக்குப் போன வெந்நீரக்கா நின்றுவிட்டாள். முன் சீட்டிலிருந்து நாத்தனார் வாக்கரை ஊன்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள். கட்டிவைத்த பெட்டிகளை வண்டிக்காரருக்குக் காட்டச் சொல்லி அண்ணனிடம் சொல்லிவிட்டு, வேறு எதையும் பார்க்காமல், நேராகப் பின்முற்றத்துக்குப் போனாள். வெந்நீரக்கா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

நாத்தனார் உட்கார்ந்து, வலையை விலக்கி, விரலைத் தண்ணீரில் வைத்தாள். மங்கலான தண்ணீருக்குள்ளிருந்து ஒன்று மெல்ல மேலே வந்து விரலை முட்டிவிட்டுப் போனது. இன்னொன்றும் வந்தது. நான்கையும் எண்ணிவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"மேனேஜர் எங்க?"

"வெள்ளிக்கிழமை விடியக்காலைல போயிட்டார்" என்றாள் வெந்நீரக்கா. "பிரிட்ஜுல வச்சிருக்கேன்."

"பிரிட்ஜுலயா? உங்க பிரிட்ஜுலயா?"

"எங்க வைக்கணும்னு நீதானே சொல்லணும்."

நாத்தனார் முகத்தில் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்து போனது. தொட்டி விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள், வழவழப்பை விரலோடு விரல் தேய்த்துப் பார்த்தாள். பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்ளே பெட்டிகள் நகர்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் வெந்நீரக்கா உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

"இதுங்கள இப்ப வண்டில ஏத்த முடியாது" என்றாள் நாத்தனார். "தாங்காது. குளிர் வர்ற வரைக்கும் தொட்டி இங்கயே இருக்கட்டும். நான் ரெண்டு நாளைக்கு ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போறேன்."

சரி என்று சொல்லிவிட்டிருந்தால் போதும். வருவாள், பார்ப்பாள், போவாள், வெயில் காலம் முழுக்க அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டாவது இருக்கலாம். வெந்நீரக்காவுக்கு சரி என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கடைக்காரர் முன்னால், அத்தனை ஜனத்தின் முன்னால் கேட்க முடிந்தது, இவளிடம் கேட்க முடியவில்லையே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

"வந்து வந்து போக வேணாம்" என்றாள். "இங்கயே இரு."

"மீனுக்காகவா அண்ணி?"

"மீனுக்காக இல்ல. மீன் எல்லாம் செத்துப்போனாலும் இரு. நீ இல்லாத வீட்டுல எனக்கு இருக்க முடியல."

சொன்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். நாத்தனார் அண்ணியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் தண்ணீர் எடுத்த கை, நகக்கண்ணெல்லாம் கருப்பு, முழங்கை வரை பாசி காய்ந்திருந்தது. இந்தக் கையை அவள் இப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. உள்ளேயிருந்து வண்டிக்காரர் பெரிய பெட்டியை முதலில் ஏற்றட்டுமா என்று சத்தமாகக் கேட்டார்.

"எதையும் ஏத்த வேணாம்னு சொல்லுண்ணா" என்று நாத்தனாரும் சத்தமாகச் சொன்னாள். பிறகு எழுந்திருக்க ஒரு கையை வாக்கரில் ஊன்றி, மறு கையை அண்ணி பக்கம் நீட்டினாள். வெந்நீரக்கா அவசரமாகத் தன் கையைத் துடைக்கத் துண்டைத் தேடினாள்.

"இருக்கட்டும், அப்படியே குடுங்க" என்று நாத்தனார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.